நீறு பூத்த வாளி

‘நீறு பூத்த நெருப்பு’ என்று எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். கூட்டணிக்குள் புகைச்சல், பங்காளிச் சண்டை, மாமியார் மருமகள் விவகாரம், எல்லாவற்றுக்கும் அதே தொடர்தான். அந்த நெருப்பை நேரில் பார்த்தபோது மட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் மீனோ கோழியோ சுடுகிற பழக்கம் தொற்றிக்கொண்டது. நாலு கால் வைத்த தகர அடுப்பு, மேலே கம்பி வலை. 2 கிலோ கரியைக் கொட்டி, ஊதி, விசிறி, கண் சிவந்து, கரி கனன்று வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். மீன் வேக இருபதே நிமிடம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் பாதிக் கரி செக்கச்செவேலென்று வேலையில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் வெறும் சாம்பல். வயிறு எரிந்தது. மிச்சம் பிடித்தே தீருவது என்று இறங்கினேன்.

முதல் வாரம் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். ‘உஸ்’ என்று கிளம்பிய ஆவியோடு சாம்பலும் கிளம்பி, கீழ்வீட்டு அக்கா காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகளில் இறங்கியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, வேட்டிகளை எண்ணினார். நனைந்த கரியை ஒரு நாள் வெயிலில் பரப்பி வைத்தேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கரிக்கு உடம்பெல்லாம் நுண்துளை. உள்ளே குடித்த தண்ணீரை அது லேசில் விடாது. அடுத்த ஞாயிறு பற்றவைத்தால் படபடவென்று வெடித்தது, புகைந்தது, எரியவில்லை. வந்திருந்த மைத்துனருக்கு வஞ்சிரத்தைத் தோசைக்கல்லில்தான் பொரித்துக் கொடுத்தோம். “புகை வாசம் பிரமாதம் மச்சான்” என்றார். அது என் சட்டையிலிருந்து வந்த வாசம்.

அடுத்த முறை தண்ணீரே வேண்டாமென்று இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கரி வெளுத்து, விபூதி பூசிய பிள்ளையார் போல அமைதியாகக் கிடந்தது. அணைந்துவிட்டது என்று பிளாஸ்டிக் வாளியில் அள்ளிப் போட்டேன். சற்று நேரத்தில் ஒரு நாற்றம். ஓடிப்போய் வாளியைத் தூக்கினேன். வாளி வந்தது, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் மட்டும் தரையோடு தங்கிவிட்டது. நல்லவேளை, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில் வைக்காமல் போனேன். அணையாத கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் வேகவிடும் கரிமூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர். வாளியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “ஏண்டா, மூட்டத்துல வெறகு சாம்பலாகாம கரியா நிக்குதே, எதனால? காத்துப் போகாம மூடுறதாலதான? அப்ப மிச்சக் கரியக் காப்பாத்தவும் மூடத்தானடா வேணும்?”

நான் வேதியியலில் பட்டம் வாங்கியவன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இறுக்கமான மூடி போட்ட ரொட்டிக்கடைத் தகர டின் ஒன்றைப் பிடித்தேன். செங்கல் மேல் அதை வைத்து, இடுக்கியால் கங்குகளை எடுத்துப் போட்டு மூடினேன். ஒரு மணி நேரத்தில் ஆவல் தாங்காமல் திறந்தேன். காற்றுப் பட்டதும் எல்லாம் மறுபடி சிவந்தன. மறுபடி மூடி, இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் திறந்தால் கன்னங்கரேலென்று முழுக் கரி. சாம்பல் காற்றை அடைக்கும் என்பதால் அதைச் சலித்து எடுத்தேன். கோதுமை மாவுச் சல்லடைதான் கைக்குக் கிடைத்தது. பழசு மட்டும் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று புதுக்கரி பாதி சேர்த்தேன். அந்த வார மீன் நன்றாகவே வெந்தது.

மனைவி கணக்குப் பார்த்தாள். வாளி, சல்லடை, துருப்பிடித்த அடுப்பு, கீழ்வீட்டு வேட்டிகள். மிச்சமான கரி ஒரு கிலோ இருந்தால் அதிகம்.

அந்த வாளியை அவள் தூக்கிப் போடவில்லை. ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு வைத்து, மண் நிரப்பி, கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறாள். “தண்ணி வடிய எப்படியும் ஓட்டை போட வேண்டியதுதான்” என்றாள். இத்தனை நாளில் என்னால் வீட்டுக்கு மிச்சமான வேலை அது ஒன்றுதான்.