ஈரமும் தடையும்: டெல்டா மாவட்டங்களில் பழைய காரின் முன்பிரேக்கை மலிவாக மேம்படுத்துதல் குறித்து ஓர் ஆய்வு

நெல்லை ஆராய ஆடுதுறையில் ஒரு நிலையம் இருக்கிறது. சுவடியைக் காக்க தஞ்சாவூரில் சரசுவதி மகால் இருக்கிறது. இருபது வயது கடந்த ஃபோர்டு ஐகானின் முன்பிரேக்குக்கோ இத்தரணியில் நாதியில்லை. அக்குறையைக் களையவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆய்வின் எல்லை கல்லணை முதல் நாகப்பட்டினம் வரை. ஆய்வுப் பொருள், 1999இல் மறைமலைநகரிலிருந்து புறப்பட்டு, வாங்கியவரையெல்லாம் பந்தய வீரராக எண்ண வைத்த மேற்படி கார். ஆய்வு நிதி கிடைக்கவில்லை. தலைப்பில் ‘மலிவாக’ என்ற சொல் இடம்பெற்றது அதனால்தான்.

முதலில் எழும் ஐயம், இந்த நிலத்துக்கு பிரேக் எதற்கு என்பது. தஞ்சாவூரிலிருந்து கடல்வரை தரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் சரிகிறது. காவிரியே இங்கே அவசரப்படுவதில்லை. வண்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கு நீடாமங்கலம் ரயில்வே கேட் இருக்கிறது; உலகின் எந்த டிஸ்க் பிரேக்கும் ஒரு காரை அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்ததில்லை.

இவ்விடத்தில் ஹாரன்வாதிகளின் கொள்கையை எடுத்துரைப்பது கடமை. ஹாரன் அடித்தால் எதிரே வருவது ஒதுங்கும், ஆகவே பிரேக் மிகை என்பது அவர்கள் துணிபு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பேருந்து விட்டது 1910களில். அவர் வழிவந்த குழுமம் ஓர் ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைப் பாடியில் ‘பிரேக்ஸ் இந்தியா’ தொடங்கியது 1962இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டும் ஹாரனின் ஆட்சிக்காலம் என்பார்கள். அந்தப் பேருந்துகளிலும் பிரேக் இருந்தது என்ற அற்பச் சான்று ஒன்றே இவ்வாதத்தை முறியடிக்கப் போதும். தவிர, வாத்து இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் மேய்ந்துவிட்டுச் சாலையைக் கடக்கும் வாத்துக்கூட்டம் ஹாரன் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கும், நடையை மாற்றாது.

சரி, பழைய வாகனத்துக்குப் புதிய பிரேக் தகுமா? மரபு கெட்டுவிடாதா? இதற்கு முன்னுதாரணம் திருவாரூரில் நிற்கிறது. ஆழித்தேரின் உயரம் 96 அடி, எடை ஏறத்தாழ 300 டன். ஓடும் சக்கரத்தின் முன்னே கை நீட்டி முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்பியும் நிறுத்தியும் காட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. தேர் இன்றும் தேராகவே இருக்கிறது. முட்டுக்கட்டை போடுவோரையும் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 300 டன்னுக்கு ஆகுமென்றால் ஒரு டன் ஐகானுக்கு ஆகாதா?

ஆகும் என்று துள்ளி எழுபவர்கள் பெருவட்டவாதிகள். சென்னை புதுப்பேட்டைக்குப் போய் வேறொரு பெரிய காரின் டிஸ்க்கும் காலிப்பரும் வாங்கி வந்து மாட்டிவிடலாம் என்பது இவர்கள் நெறி. டிஸ்க் பெரிதானால் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போகும், பிடி வலுக்கும், சூடும் நன்றாக ஆறும்; மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய காலிப்பர் சின்ன ரிம்முக்குள் நுழையாது. நுழைந்தாலும், அதன் பெரிய பிஸ்டனைத் தள்ள பழைய மாஸ்டர் சிலிண்டர் கூடுதல் ஆயில் அனுப்ப வேண்டும்; பெடல் தரையைத் தேடிப் போகும். எல்லாம் சரிப்பட்டாலும் கடைசியில் காரை நிறுத்துவது டயர். இப்போதுள்ள பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் என்றால், பெரிய டிஸ்க் போட்டும் நிற்கும் தூரம் ஓர் அடிகூடக் குறையாது. இதை இவர்களிடம் சொன்னால் கோபம் வருகிறது.

இனி ஆய்வின் மையப்பொருளான ஈரத்துக்கு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது என்பதை டெல்டாவில் பிறந்த குழந்தையும் அறியும். அக்குழந்தையின் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பிரேக் ஆயிலில் எத்தனை சதவீத ஈரம் என்று எவரும் கேட்டதில்லை. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 4 சதவீதத்துக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே அந்த உறுதி 155 டிகிரிக்கு இறங்கிவிடும். சமவெளியில் இதனால் பெரிய ஆபத்தில்லை. கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் இறங்கும்போதுதான் ஆயில் கொதித்து, ஆவி சேர்ந்து, பெடல் பஞ்சாகும். சமவெளியில் ஈரம் வேறு வேலை பார்க்கிறது: காலிப்பர் பிஸ்டனில் துருவேற்றி, பேடை டிஸ்க்கோடு ஒட்ட வைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்தால் பின்சக்கர டிரம்மும் நனைந்து, கொஞ்ச நேரம் பிடிக்காது.

எனவே குறைந்த செலவில் செய்யத்தக்கன இவை. பழைய ஆயிலை முழுதும் வெளியேற்றி டாட் 4 ஊற்றி, குழாயில் காற்று தங்காதபடி ஏர் எடுப்பது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்வது. வயதான ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும், ஆகவே மாற்றுவது. காலிப்பரின் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் மட்டும் தடவுவது. கடைந்த பின்னும் டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருக்குமென்றால் லேத்தில் கடைவது, இல்லையேல் புதிது போடுவது. பெயருள்ள நிறுவனத்தின் பேடை வாங்கி, முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் மிதமாக அழுத்திப் பழக்குவது. பின் டிரம் ஷூவையும் சரிபார்ப்பது. அது சோம்பினால் முன்பிரேக் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். மிச்சக் காசு முழுவதும் டயருக்கு. வேகம் 40இலிருந்து 80 ஆனால் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதை ஐகான்காரர்கள் மட்டும் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஒரேயொரு சிக்கல் எஞ்சுகிறது. இத்தனையும் செய்து முடித்த காரை சம்பா அறுவடைக் காலத்தில் சாலைக்குக் கொண்டுவந்தால், பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மீதியில் வைக்கோல் கிடக்கிறது. அதன்மேல் பிரேக்கை அழுத்தினால் டயர் வழுக்கும், டிஸ்க் என்ன விலையானாலும். நெல் அங்கே வந்தது அந்த 17 சதவீதத்துக்காக; உலர்த்தக் களம் போதாததற்காக. கொள்முதல் நிலையம்தோறும் கூரையும் சிமெண்டுக் களமும் கட்டித் தருமாறு அரசை இவ்வாய்வு வேண்டுகிறது. அதுவரை, நெல் கண்ட இடத்துக்கு ஐம்பது கெஜம் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.