குழம்பில் தெரியும் கொடிக்கயிறு

எவர்சில்வர் தட்டில் வைத்து எந்தச் சாப்பாட்டையும் படம் எடுக்க முடியாது. இது தெரியாமலே பலர் நிம்மதியாக வாழ்கிறார்கள். இட்லியை நடுவில் வைத்து, சட்னியை ஓரமாக வழித்துவிட்டு, போனைப் பிடித்துக் குனிந்தால் தட்டின் விளிம்பில் ஒருவர் தெரிவார். பனியன் போட்டிருப்பார். தட்டின் வளைவுக்குத் தக்கபடி அவர் தொப்பை அகன்றிருக்கும். கிண்ணத்துக்குள் பார்த்தால் அதே ஆள் தலைகீழாகத் தொங்குவார். பளபளப்பான பரப்பு ஒளியைச் சிதறவிடாமல் வந்த மாதிரியே திருப்பி அனுப்புகிறது. எதிரில் இருப்பதைக் காட்டுவது அதன் இயல்பு. எதிரில் நான் இருப்பதற்கு அது என்ன செய்யும்?

ஆக, பளபளக்காத பாத்திரம் தேவை. ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. பித்தளைக் குண்டான், வெண்கலப் பானை, கூஜா, மாக்கல் சட்டி எல்லாம் இருந்தன. தெருவில் கூவிக்கொண்டு வந்த பாத்திரக்காரரிடம் அம்மா அவற்றை எடைக்குப் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கினாள். கல்சட்டியை அவர் இனாமாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லையாம். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பேரம் அதுதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அன்று அவள் தள்ளிவிட்ட சாமான்களைத்தான் இன்று நான் தேடித்தேடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவள் விற்றது எடைக் கணக்கில். நான் வாங்குவது பழம்பொருள் கணக்கில்.

இந்தக் கணக்கு முழுசாகப் புரிய வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்கள் கடைகடையாகக் குவிந்து கிடக்கும் தெரு அது. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்தவர்கள் கப்பலில் கொண்டுவந்த எனாமல் வாளி, எனாமல் தூக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். விளிம்பில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்த ஒரு தட்டைக் கையில் எடுத்து, "இது உடைஞ்சிருக்கே, பாத்துப் போட்டுக் குடுங்க" என்றேன். கடைக்காரர் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். "பேந்துபோனதைத்தான் சார் படம் எடுக்கிறவங்க கேக்கிறாங்க. நல்லா இருக்கிறதுன்னா விலை கம்மிதான், தரட்டுமா?" பேந்துபோனதையே வாங்கினேன். படத்தில் அது நன்றாகத்தான் இருக்கிறது.

கூடவே ஒரு பித்தளைத் தாம்பாளமும் வந்தது. அதன் விளிம்பில் மூன்று இனிஷியல் வெட்டியிருந்தது. நம் ஊரில் பெயர் வெட்டாத பாத்திரம் ஏது? அதில் அதிரசம் அடுக்கி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு என் பெரியப்பா போன் செய்தார். "யாருப்பா அது மு.வெ.சி.? நம்ம சொந்தத்துல அப்படி யாரும் இல்லியே?" அம்மாவின் கவலை வேறு. "அது கல்யாணத்துக்குக் குடுத்ததா, பதினாறாம் நாள் காரியத்துக்குக் குடுத்ததான்னு தெரியுமாடா?" தெரியாது. அன்றிலிருந்து அந்தத் தாம்பாளத்துக்குச் சமையலறையில் இடமில்லை. என் சட்டைகளுக்குப் பக்கத்தில் பீரோவில் இருக்கிறது.

பித்தளையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஈயம் பூசாத பித்தளையில் புளி பட்டால் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கிக் களிம்பேறிவிடும். ஈயம் பூசுகிறவரைக் கண்டுபிடிப்பதோ இப்போது பெரும்பாடு. ஆகவே பித்தளைப் பாத்திரத்தில் நான் ஊற்றிய வத்தக்குழம்பு படத்துக்கு மட்டும்தான், வயிற்றுக்கு இல்லை. "நாலு பேருக்கு ஆகுற குழம்பு" என்று மனைவி அதைத் தொட்டியில் கொட்டியபோது அவள் முகத்தை நான் படம் எடுக்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். அங்கே காலையிலும் டியூப் லைட்தான். அந்த நீல வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் தயிர்சாதத்தின் ஒரு பாதிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஜன்னலை மட்டும் நம்பு என்பதுதான் இந்தக் கலையின் முதல் விதி. எங்கள் வீட்டில் நம்பத்தக்க ஜன்னல் படுக்கையறையில் இருக்கிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை சாம்பார் அடுப்பிலிருந்து புறப்பட்டு, கூடத்தில் பசியோடு காத்திருப்பவர்களைத் தாண்டிக்கொண்டு படுக்கையறைக்குப் போகும். பின்னாலேயே அப்பளம், பொரியல், பழைய கதவுப் பலகை ஒன்று, சாக்குத் துண்டு ஒன்று. அம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவாள்.

புத்தகங்கள் வடக்கு ஜன்னலைச் சிபாரிசு செய்கின்றன. வடக்கே வெயில் நேராக விழாதாம், வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்குமாம். அதை எழுதியவர் ஐரோப்பாவில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும், நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உச்சிச் சூரியனே நமக்கு வடக்கேதான் நிற்கிறது. காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து உள்ளே வரும். அப்போது அப்பாவின் எட்டு முழ வேட்டியை ஜன்னலில் கட்டி வெயிலை வடிகட்டுவேன். எதிர்ப்பக்கம் ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மகோலை நிறுத்தினால் நிழல் இளகும். குளித்துவிட்டு வந்த அப்பா ஒரு நாள் துண்டோடு நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்பா ஆகும்?" என்று கேட்டார். கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

கேமராவுக்கு வேறு ஒரு பிடிவாதம். உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் கணக்கு. வெள்ளைத் துணியில் வெள்ளை இட்லியை வைத்தால், வெளிச்சம் அதிகம் என்று அதுவாகவே முடிவு செய்து இட்லியைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை நாமாகக் கூட்டினால்தான் இட்லிக்கு உயிர் வரும். நம் குழம்புகளுக்கு நேர் எதிரான தொல்லை. கூட்டினாலும் குறைத்தாலும் அவை பழுப்புதான். வடை மட்டும் கேமராவுக்கென்றே பிறந்தது. மொறுமொறு மேடு பள்ளம், நடுவில் ஓட்டை, அதற்குள் ஒரு நிழல்.

ஆவியைப் படம் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு வேலை இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பின்னால் இருட்டு வேண்டும், வெளிச்சம் பாத்திரத்துக்குப் பின்பக்கமிருந்து வர வேண்டும், பொங்கல் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். நான் வேட்டியைச் சரிசெய்து முடிப்பதற்குள் பொங்கல் ஆறிவிடும். பழம் இப்படியெல்லாம் நம்மைச் சோதிக்காது. டால்பட் என்ற ஆங்கிலேயர் 1844 முதல் 1846 வரை வெளியிட்ட 'இயற்கையின் தூரிகை' என்னும் புகைப்பட நூலின் கடைசிப் படம் இரண்டு கூடைப் பழங்கள். அன்னாசியும் இருக்கிறது. கெட்டிக்காரர். ரசத்தை வைத்துத் தொடங்கியிருந்தால் புகைப்படக் கலை அங்கேயே நின்றிருக்கும்.

சாம்பாரில் முருங்கைக்காய் மூழ்கிவிடுவது எனக்கு நீண்டநாள் குறை. அமெரிக்காவில் கேம்பெல் சூப் விளம்பரத்துக்குக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறிகளை மேலே நிறுத்தினார்களாம். 1970இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டு அதை நிறுத்தியது. கோலி இல்லாததால் நான் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டேன். காய் கம்பீரமாக நின்றது. படம் முடிந்ததும் அதே பாத்திரம் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது. அம்மா கரண்டியை விட்டாள், 'டங்' என்றது. எங்கள் வீட்டில் வர்த்தக ஆணையத்தைவிட வேகமாக நடவடிக்கை எடுக்கப்பட்டது. சமைத்த பாத்திரத்துக்குள் என் கை போகக் கூடாது.

உண்மையில் நல்ல வெளிச்சம் என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். மேகம் மூடிய வானமே ஒரு பெரிய வெள்ளை விளக்கு. வேட்டி தேவையில்லை, தெர்மகோலும் தேவையில்லை. ஆனால் அதே மழைக்குத் துணி காயப்போடும் கொடி அறைக்குள் வந்துவிடும், அதே ஜன்னலை ஒட்டி. வத்தக்குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பெரிதாக்கிப் பார்த்தால் கொடிக்கயிறும் கிளிப்புகளும் தெளிவாகத் தெரியும். ஒருமுறை மனைவியின் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சேலை வழியாக வந்த வெளிச்சத்தில் தயிர்சாதம் இளம்பச்சையாக விழுந்தது. பழைய எனாமல் தட்டில் பார்க்க அத்தனை அழகு. குடும்பக் குழுவில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் கோயம்புத்தூரிலிருந்து என் சித்தி, மனைவியின் போனுக்கு வந்துவிட்டார். புதினா தயிர்சாதம் பிரமாதமாக இருக்கிறதாம், செய்முறை வேண்டுமாம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சேலையைப் பார்த்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கிறீங்களா அத்தை? புதினா ஒரு கைப்பிடி, நல்லா அலசி எடுத்துக்குங்க. இஞ்சி ஒரு துண்டு. பச்சை மிளகாய் ரெண்டு போதும், மாமாவுக்குக் காரம் ஆகாதுல்ல?"