சிக்கனச் சக்கரவர்த்தி

சைக்கிளின் பின் சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். நம்முடைய ஆள் கால்குலேட்டரை எடுப்பார்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவராவது இப்படி உண்டு. ஐம்பதைத் தொட்ட வயது, நல்ல உத்தியோகம். விலை உயர்ந்த போனை யோசிக்காமல் வாங்குவார். பொருளுக்குக் காசு கொடுப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை. கூலி கொடுக்கும்போதுதான் கை நடுங்கும். பொருள் வீட்டுக்கு வருகிறது, கூலி எங்கே வருகிறது என்பது அவர் கட்சி. இந்தக் கொள்கைப்படி மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மனைவியின் தையல் மெஷின் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவர். சிலவற்றை மாட்டியும் இருக்கிறார்.

2020 ஊரடங்கில் தொப்பையைக் குறைக்க வாங்கிய கியர் சைக்கிள் இப்போது கம்பி அறுத்துக்கொண்டு நிற்கிறது. தெருமுனைக் கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணு போட்டா அடுத்த மாசம் இன்னொண்ணு அறுக்கும் சார். கம்பெனியிலயே லூசா கட்டி வுட்டுட்டான். மொத்தமா பிரிச்சுக் கட்டிடலாம். கம்பி காசு தனி, கூலி 300."

கடைக்காரர் சொன்னது முழுக்கச் சரி. இறுக்கமான கம்பிதான் அறுபடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தளர்ந்த கம்பிதான் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டும் விடுபட்டும், ஹப்பில் மாட்டும் வளைவில் அலுத்துப்போய் முறியும். ஆனால் நம்மவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

அன்றிரவு படிப்பு ஆரம்பம். 1808இல் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் பறக்கும் இயந்திரத்துக்காக, எடை குறைந்த இழுகம்பிச் சக்கரத்தை யோசித்தார். 1874இல் கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1981இல் ஜாப்ஸ்ட் பிராண்ட் சைக்கிள் சக்கரத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். இதில் யாராவது கூலி கொடுத்து வீல் கட்டினார்களா என்று மனைவியைக் கேட்டார். அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

இந்தப் படிப்பின் முதல் பலி, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு உட்கார்ந்த அண்ணன் மகன்.

"டேய், நீ சைக்கிள்ல உக்காந்தா உன் எடையை எது தாங்குது?"

"டயர் சித்தப்பா."

"அதான் இல்ல. மேல இருக்கிற கம்பியில தொங்குறோம்னு பாதிப்பேர் சொல்வான். அதுவும் இல்ல. எல்லாக் கம்பியும் முன்னாடியே விறைப்பா இருக்கு. நீ உக்காந்ததும் அடியில இருக்கிற நாலஞ்சு கம்பியில மட்டும் விறைப்பு குறையுது. மத்தது கிட்டத்தட்ட அப்படியேதான். அதனால சக்கரம் அடிக்கம்பியிலதான் நிக்குதுன்னு பிராண்ட் சொல்றான்."

பாயசம் இதற்குள் இரண்டு முறை கடந்து போயிருந்தது.

அடுத்து கொள்முதல். கம்பியின் நீளத்தைக் கண்டுபிடிக்க ஹப்பின் விட்டம், ரிம்மின் விட்டம், துளைகளின் எண்ணிக்கை, பத்தாம் வகுப்பில் கைவிட்ட கொசைன் எல்லாம் வேண்டும். கணக்கு பழுதில்லாமல் வந்தது: இடது பக்கம் 262 மில்லிமீட்டர், வலது பக்கம் 260. ஃப்ரீவீல் உட்காரும் பக்கம் ஹப்பின் காது நடுவுக்கு நெருங்கி இருப்பதால் வருகிற வித்தியாசம் இது. பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடையில் ஒரு குரோஸாக, அதாவது 144 கம்பியாக எடுத்தால் மலிவு என்றார்கள். இரண்டு நீளத்தில் இரண்டு குரோஸ் வாங்க இவர் என்ன பைத்தியமா? எல்லாம் 262 ஆகவே எடுத்தார். வேண்டியது 36. மீதி 108.

"ஏங்க, 108 இருக்கே. ஏதாவது அர்ச்சனைக்கு ஆகுமா கேட்டுப் பாருங்க" என்றார் மனைவி.

பால்கனியில் ஞாயிற்றுக்கிழமை கோர்ப்பு வைபவம். வலது காதில் ஒரு துளை விட்டு ஒரு துளையாக 9 கம்பி. ரிம்மில் நாலு துளைக்கு ஒன்று. இடது காதிலும் அப்படியே, அரைத் துளை தள்ளி. பிறகு ஹப்பைத் திருகி, எதிர்ப்பக்கமாகச் சாயும் கம்பி ஒவ்வொன்றும் இரண்டைத் தாண்டி மூன்றாவதன் உள்ளே புகுந்து போக வேண்டும். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. காற்றடிக்கப் போனபோதுதான், சரியாக வால்வுத் துளைக்கு மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே சாய்ந்திருப்பது தெரிந்தது. பம்ப்பின் வாய் உள்ளே போகவில்லை. முதல் கம்பியை ஒரு துளை தள்ளிப் போட்டதால் வந்த வினை. பிரித்துக் கோத்திருக்கலாம். அவர் சின்ன வாய் உள்ள பம்ப் ஒன்று வாங்கினார்.

கோட்டம் எடுப்பதுதான் பெரிய கதை. அதற்கென்று விற்கிற ஸ்டாண்ட் விலை அதிகம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஃபிரேமில் துணி கிளிப்பை மாட்டினால் அதுவே அளவுகோல். இது நல்ல யோசனைதான், மனமாரச் சொல்கிறேன். ரிம் கிளிப்பை உரசும் இடத்தில் எதிர்ப்பக்கத்து நிப்பிளை, அதாவது ரிம்மில் கம்பி முனையைப் பிடிக்கும் மரையை, கால் திருகு இறுக்க வேண்டும், உரசும் பக்கத்தைக் கால் திருகு தளர்த்த வேண்டும். கால் திருகு என்றால் அவருக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. வாழ்க்கையில் அவர் தாராளம் காட்டிய ஒரே இடம் இதுதான்: முழுத் திருகு. அதுவும் சக்கரம் கவிழ்ந்திருந்ததால் இடம் வலமாகி, இறுக்க வேண்டியதைத் தளர்த்தினார். இடவல ஆட்டம் அடங்கியபோது ரிம் மேலும் கீழுமாகக் குதித்தது. குதிப்பை அடக்கியபோது ஆட்டம் திரும்பி வந்தது. ஒரு கம்பியைத் தொட்டால் அக்கம்பக்கத்துக் கம்பிகளெல்லாம் கோபித்துக்கொள்ளும் கூட்டுக் குடும்பம் அது.

விறைப்பு சமமா என்று பார்க்க, கம்பியை மீட்டி ஒலி கேட்கலாம் என்று படித்திருந்தார். வீணை வகுப்புக்குப் போகும் மகள் வரவழைக்கப்பட்டாள்.

"அப்பா, வலது பக்கம் ஒரு ஸ்ருதி, இடது பக்கம் ஒரு ஸ்ருதி. சேரவே இல்லப்பா."

"எட்டு வருஷம் ஃபீஸ் கட்டினது இதுக்குத்தானா?"

பாவம், அவள் சொன்னதுதான் சாஸ்திரம். பின் சக்கரத்தில் வலது பக்கம் விறைப்பு கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், சேர்ந்திருந்தால்தான் தப்பு. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் ஒலி ஒத்துப்போனால் போதும்.

தெருமுனைக் கடைக்காரரிடம் கிளிப்பும் கிடையாது, கொசைனும் கிடையாது. ஃபோர்க்கில் கட்டைவிரலை ஊன்றி, நகத்தை ரிம்முக்கு அருகே நீட்டுவார். யாரிடமோ போனில் சீட்டுப் பணம் கேட்டுக்கொண்டே ஸ்போக் சாவியைத் திருப்புவார். பேச்சு முடிவதற்குள் சக்கரம் நேராகிவிடும். அந்த நகத்துக்குத்தான் 300 என்பது நம்மவருக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது.

முதல் சவாரியில் சக்கரம் டிங் டிங்கென்று பேசியது. திருகும்போது முறுக்கிக்கொண்ட கம்பிகள் பாரம் விழுந்ததும் முறுக்கு அவிழ்த்துக்கொள்கிற சத்தம். "செட் ஆகுது" என்று வாட்ச்மேனுக்கு விளக்கினார். கேட் தாண்டியதும் பஞ்சர். வலது பக்கத்து இரண்டு மில்லிமீட்டர் நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டு ட்யூபைத் தேடிப் போயிருந்தது. அரம் வாங்கி, 18 முனைகளையும் ராவினார்.

அதற்குப் பிறகு சக்கரம் ஓடுகிறது. லேசாக ஆடுகிறது, ஆனால் ஓடுகிறது.

நோட்டில் கணக்கு இருக்கிறது. ஸ்போக் சாவி, ஃப்ரீவீல் கழற்றி, கோன் ஸ்பேனர், சின்ன பம்ப், அரம், ஒரு குரோஸ் கம்பி எல்லாம் 'முதலீடு' என்ற தலைப்பில். 'மிச்சம்' என்ற தலைப்பில் 300. முதலீட்டை எடுக்க இன்னும் பல சக்கரங்கள் கட்டியாக வேண்டும். அதனால் இப்போது பார்க்கிங்கில் பிள்ளைகளின் சைக்கிள்களைச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். "லேசா கோட்டம் இருக்கே தம்பி!" மூன்றாவது மாடிக்காரர் தம் பையனின் சைக்கிளை இருட்டியபிறகுதான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்.

வாடிக்கை கிடைக்காமல், கடைசியில் பார்வை தம்முடைய முன் சக்கரத்தின்மேல் விழுந்திருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. முன் ஹப்பின் காது சின்னது, கம்பி 264 வேண்டும், இருக்கும் 108இல் ஒன்றும் சேராது.

"இன்னொரு குரோஸ் வாங்கித்தான் ஆகணும்" என்றார் மனைவியிடம். "ஆனா சாவி இருக்கு, ஸ்பேனர் இருக்கு, பம்ப் இருக்கு. இந்தத் தடவை 300ம் சுத்தமா மிச்சம்."