பெரிய பேட்டரி, பெரிய ஆயுளா?

கேள்வி: நான்கு வருடப் பேட்டரி. காலையில் கார் ஸ்டார்ட் ஆக முக்குகிறது. கூடுதல் ஆம்பியரில் பெரிய பேட்டரி போட்டால் நீண்ட நாள் உழைக்குமா?
– மதுரை வாசகர்

பதில்: சட்டைதான் உடம்புக்குப் பொருந்த வேண்டும்! கார் கையேட்டில் போட்டிருக்கும் அளவையே வாங்குங்கள். பிளஸ், மைனஸ் இடம் மாறியிருந்தால் கேபிள் எட்டாது. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள காருக்கு ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் சரி.

ஆனால் பர்ஸைத் திறக்கும் முன் பானெட்டைத் திறங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? கேபிளைக் கழற்றி (மைனஸ்தான் முதலில்), சோடா உப்பு கலந்த வெந்நீரால் தேய்த்து, துடைத்து, மாட்டியபின் வாசலின் தடவுங்கள். பல கார்களுக்கு நோயே அதுதான். இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுசாக இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதும் 13-ஐத் தாண்டவில்லை என்றால், ஆல்டர்னேட்டரைக் காட்டுங்கள். புதுப் பேட்டரியும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

மாற்றியே தீர வேண்டுமானால் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் தூங்கியது வேண்டாம். நம் ஊர் வெயில்தான் பேட்டரிக்கு எமன், நிழலில் நிறுத்துங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்: உள்ளே ஈயமும் ஆசிடும் இருக்கின்றன, விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.