எட்டாயிரம் ரூபாய் டர்போ

“மொத்தமே எட்டாயிரம்தான் சார்” என்று ஆரம்பிப்பார் எங்கள் தெருக்காரர் ஒருவர். நம்பிவிடாதீர்கள். அந்த 8,000 ரூபாய், புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் ஏதோ ஒரு ஸ்விஃப்ட் டீசலிலிருந்து கழற்றிப் போட்டிருந்த டர்போவுக்கு அவர் கொடுத்த விலை. மாட்டப்போவது மாருதி 800இல். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஷோரூமை விட்டு இறங்கிய அன்றைக்கு 37 குதிரைத்திறன். இத்தனை வருடத்தில் அதில் எத்தனை குதிரைகள் செத்துப்போயினவோ, மிச்சமிருப்பவற்றைத் தட்டியெழுப்பத்தான் டர்போ.

டர்போ மேல் தப்பில்லை. சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிற சூட்டுப் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், இழுவை கூடும். ஆல்ஃபிரட் பியூஹி என்ற ஸ்விஸ் பொறியாளர் இதற்கு 1905இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். போகிற புகையிலிருந்து சும்மா கிடைக்கிற சக்தி என்றதும் நம்மவர் விழுந்துவிட்டார். சும்மா கிடைக்கும் என்று தெரிந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்கிறவர் அவர்.

கணக்கெல்லாம் ஒரு பழைய டைரியில். முதல் பக்கத்தில் ‘டர்போ – 8,000’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாயிற்று. அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் ஆகிற செலவெல்லாம் வேறு வேறு தலைப்புகளுக்குப் போகும்.

டீசல் வண்டியின் டர்போ மாருதி எஞ்சினோடு எப்படிப் பொருந்தும்? கனமான இரும்புக் குழாய்களை வெட்டி, லேத்தில் கொடுத்து, வெல்டிங் வைத்து, புகையை டர்போவுக்குக் கொண்டுபோகப் புது மானிஃபோல்டு செய்ய வேண்டும். “அது டர்போ இல்லையே சார், பைப்புதானே” என்று அதற்குத் தனிப் பக்கம். பெட்ரோல் எஞ்சினின் புகை டீசல் புகையைவிடச் சூடு அதிகம். முதல் மானிஃபோல்டு வெல்டிங் ஓரத்திலேயே வாய் பிளந்துகொண்டது. இரண்டாவதுக்கு ஆன காசு ‘அனுபவம்’ என்ற தலைப்பில் ஏறியது. நிஜமாகவே டைரியில் அப்படி ஒரு தலைப்பு இருக்கிறது. மற்ற எல்லாப் பக்கங்களையும்விட அதில்தான் எழுத்து நெருக்கம்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுவதால், ஆயில் கொஞ்சம் தவறினாலும் தண்டு போச்சு. ஆயில் ஸ்விட்ச் இருக்குமிடத்தில் டி போட்டு ஒரு லைன் இழுத்தார். டர்போவுக்குள் போன ஆயில் தானாக வழிந்து இறங்க வேண்டுமே, அதற்காக எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் ஓட்டை போட்டார். டிரில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உற்சாகப்பட்டதில் புது சம்ப். “பழசு துருப்பிடிச்சுத்தான் சார் கிடந்தது, எப்படியும் மாத்தணும்.” அந்தச் செலவு ‘வண்டி பராமரிப்பு’.

காற்றை அமுக்கினால் சூடாகும். சூட்டுக் காற்று போனால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனைப் பதம் பார்க்கும். ஆகவே காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர். அது உட்கார இடமில்லை, ஆகவே பம்பரை வெட்டியாயிற்று. “ஏற்கெனவே கீறல் விழுந்த பம்பர்தான்.” பராமரிப்பு. ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். “சித்திரை வருது சார்.” பராமரிப்பு. கிளட்ச் வழுக்கியது. “தேய்ஞ்சு போயிருந்ததுதான்.” அதுவும் பராமரிப்பு. கூடுதல் காற்றுக்கேற்ற பெட்ரோலை அளந்து கொடுக்க இன்ஜெக்டர் மாற்றி, கம்ப்யூட்டரையும் ட்யூன் செய்ய வேண்டும். அதற்கு வாங்கின லேப்டாப் ‘பையன் படிப்பு’ பக்கத்தில் இருக்கிறது. பையன் யுகேஜி. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டிய பூஸ்ட் மீட்டர் ‘தீபாவளி’யில்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பழமொழிக்காரர் இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டிவிட்டார். நம்மவர் அந்தத் தப்பைச் செய்வதில்லை. டைரி முழுவதையும் ஒருநாள் கூட்டிப் பார்த்தால் வேறொன்று தெரியும். அந்தக் காசுக்கு டர்போவை உள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு முழு ஸ்விஃப்ட் டீசலே செகண்ட் ஹேண்டில் வந்திருக்கும். ஏசியோடு.

இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரிப்பார். ஜெனரல் மோட்டார்ஸே 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று டர்போ கார் விட்டு, அடுத்த வருடமே நிறுத்தி, பிறகு டர்போவைக் கழற்றி வேறு கார்புரேட்டர் மாட்டித் தருகிறோம் என்று வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டது என்று சொல்லிப் பாருங்கள். “அவங்க அவசரப்பட்டுட்டாங்க சார்” என்று ஒரே வார்த்தையில் டெட்ராய்ட்டை மன்னித்துவிடுவார்.

எங்களிடம் ஸ்பேனர் இரவல் வாங்குவது, ஆயில் கறை, ஞாயிறு காலை ஆறு மணிக்கு கிரைண்டிங் வீல் இதெல்லாம் நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி முதன்முதலாக பூஸ்ட் ஏறி ‘ஸ்ஸ்ஸீ’ என்று விசிலடித்த அன்று, கறுத்த கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு தெருப் பையன்கள் அத்தனை பேரையும் பானெட்டைச் சுற்றி நிற்கவைத்து, எந்தக் குழாயில் என்ன போகிறது என்று தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார். காலேஜில் நாலு வருடம் மெக்கானிக்கல் படித்த பையனும் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து கேள்வி கேட்டான். அந்த அரை மணி நேரத்துக்காக எத்தனை ஸ்பேனர் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனாலும் அவர் வீட்டம்மா மாடியிலிருந்து, “அண்ணா, நீங்களாவது அவர்கிட்ட பிரேக் பத்திச் சொல்லுங்க” என்றார். நியாயம். டைரியைப் புரட்டினேன். எல்லாத் தலைப்பும் இருக்கிறது, பிரேக் இல்லை. அதே பழைய டிஸ்க், பின்னால் அதே டிரம், 12 அங்குலச் சக்கரத்தில் அதே 145 டயர். அறுநூற்றுச் சொச்சம் கிலோ தகர டப்பா, கம்பெனி கனவிலும் நினைக்காத வேகத்தில் எங்கள் தெரு முனை பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிறது. கேட்டால், “பிரேக் நல்லாத்தான் சார் பிடிக்குது, எதுக்கு வீண் செலவு?” என்கிறார். இத்தனைக்கும் அப்புறம் இந்த இடத்தில் சிக்கனம்!

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறப்பார். டர்போ ஆசை இருக்கிறவர்கள் பந்தயத் தளத்தில் ஓட்டுங்கள், தெருவில் வேண்டாம். அங்கேயும் முதலில் பிரேக்கையும் டயரையும் மாற்றுங்கள். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டோம்.