கரம், சிரம், காசு புறம் நீட்டாதீர்

மருமவனே, கோவிச்சுக்கிடாத. தாய்மாமனுக்குக் கிண்டலடிக்க லைசென்சு உண்டு. ஒனக்குக் காது குத்தும்போது மடியில உக்கார வச்சேன் பாரு, அன்னைக்கு வாங்குனது. இன்னும் காலாவதியாவல.

ஒன் மவனுக்கு மூணு வயசு முடியப்போவுது, சந்தோசம். அதுக்கு 'ஜங்கிள் தீம்' வைக்கேன்னு ஒங்கம்மா போன்ல சொன்னா. தீம்னா என்னக்கான்னு கேட்டேன். வீடு பூராவையும் காடாக்குதாம்டான்னா. எனக்கு வெளங்கிருச்சு. ஒங்கப்பா காட்ட வித்து வீடு கட்டுனாரு. நீ வீட்டுக்குள்ள காட்ட வாடகைக்கு எடுக்கே. வாடகை எவ்வளவுன்னு கேட்டேன், சொன்னா. அந்த ரூவாய்க்கு ஒரு சோடி நெச ஆட்டுக்குட்டியே வாங்கிரலாம்டே. பிறந்தநாள் முடிஞ்சு மறுநாளும் மேயும், தை மாசம் வெலையும் போவும். பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கிய தீம்காரன் ராத்திரி பத்து மணிக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவான்.

இதுல இன்னொரு கூத்து. ஒன் வாசல்ல நிக்கிற வேப்பமரம் படத்துல விழுந்துரக்கூடாதுன்னு பச்சைத் துணி கட்டி மறைச்சு, அதுக்கு முன்னால பிளாஸ்டிக் மரம் நடப்போறானாமே? மரம் செஞ்ச பாவம் என்னடே, வாடகை கேக்காததா?

போன வருசம் பக்கத்துத் தெருவுல ஒரு பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். முக்குல பதினஞ்சடி பிளக்ஸ். நடுவுல கைக்கொழந்த, கறுப்புக் கண்ணாடி, பக்கத்துல சிங்கம். கீழ எழுதியிருக்கான்: 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.' ஒரு வயசுப் பயலுக்குடே! எழுதுனவனுக்கு மீச நரைச்சிருக்கு. கும்பிட்டுட்டு உள்ள போனா, அந்தத் தலைவரு பலூன் வளைவுக்கு அடியில வெடிச்சத்தத்துக்குப் பயந்து வீல்னு கத்திக்கிட்டு இருக்காரு. அவுகம்மா சிரி சிரின்னு கிலுகிலுப்பய ஆட்டுதா. போட்டோக்காரன் நாளைக்குள்ள ஆல்பம் தரணுமாம்.

இதுல சட்டமும் என் பக்கந்தான், கேட்டியா. 2022 ஜூலை 1-ல இருந்து நாடு பூரா தடையாயிருக்கு: பலூன் மாட்டுத பிளாஸ்டிக் குச்சி, சோடனைக்கு வெட்டுத தெர்மாகோல், அழைப்பிதழ் மேல சுத்துத கண்ணாடித் தாளு, 100 மைக்ரானுக்குக் கீழ மெலிசா இருக்க பிளக்ஸ். பிளாஸ்டிக் தட்டு, டம்ளரையெல்லாம் நம்ம தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லயே நிறுத்தியாச்சு. ஒங்க தீம்காரன் பட்டியல எடுத்து ஒன்னொன்னா அடிச்சுப் பாரு. மிஞ்சுறது அவன் போடுத பில்லு மட்டுந்தான்.

சரி, வைதது போதும். கைய வச்சு என்ன செய்யலாம்னு சொல்லுதேன், கேளு.

மொதல்ல பயலுக்கு என்ன புடிக்கும்னு பாரு. காட்டப் பாத்திருக்கானா அவன்? சிங்கத்தப் போன்ல பாத்து 'நாய்'னு சொன்னவன். ஊருக்கு வந்தா அவனுக்கு ஒரே கிறுக்கு, டவுன் பஸ்ஸு. ஆரன் சத்தம் கேட்டா வாயில வச்ச சோத்தத் துப்பிட்டு ஓடுதான். எச்சியத் தொட்டுத் தொட்டு வெத்தலக் கவுளியில டிக்கெட்டுக் கிழிக்கான். 'ரைட் போலாம்'னு சொல்லாம கக்கூசுக்குக் கூட வரமாட்டேங்கான். தீம் தானா முற்றத்துல நடந்து திரியுது, நீ கடையில போயி வெல கேக்கே.

பஸ்ஸுனு வச்சுக்கிட்டா பாதி வேல முடிஞ்சாப்புல. ஏன்னா சோடனைக்கு வழியெல்லாம் பஸ்காரன் ஏற்கெனவே எழுதி ஒட்டியிருக்கான்.

அழைப்பிதழ்லேருந்து ஆரம்பி. அச்சாபீசுக்குப் போனா நூறு அடிச்சாத்தான் கட்டும்பான். ஒனக்கு வேண்டியது முப்பது நாப்பது. ஒரு ஏ4 தாள எட்டாப் பங்கு போட்டா உள்ளங்கை அளவுல எட்டு டிக்கெட்டு வரும், அஞ்சு தாளுக்கு நாப்பது. ஒரு தாள்ல மட்டும் கறுப்பு மையில எட்டையும் அழகா எழுதிக்கோ. ஜெராக்ஸ் கடையில ரோஸு, பச்சை, மஞ்சள்னு கலர்த் தாளு வச்சிருப்பான், அதுல எடு. இப்பத்தான் கண்டக்டர் கையில மிசினு. எங்க காலத்துல வெலைக்கு ஒரு கலரு, கட்டுக் கட்டா விரல் இடுக்குல இருக்கும்.

என்ன எழுதணும்னு ஒம் பொண்டாட்டிகிட்ட விட்டா, அது ஆங்கிலத்துல நாலு வரி கவித தேடும். வேண்டாம். டிக்கெட்டு எப்படிப் பேசும்? தடம் எண் 3. புறப்படும் இடம்: உங்கள் வீடு. சேருமிடம்: எங்கள் வீடு, வழி: பிள்ளையார் கோயில். நேரம்: மாலை 5 மணி, அரசுப் பேருந்து போல் தாமதிக்காது. மகளிருக்குக் கட்டணமில்லை. ஆடவர் பாத்திரம் கழுவ வேண்டும். இம்புட்டுதான். மகளிர் சமாச்சாரம் நான் கட்டிவிட்டதில்ல, 2021 மே மாசத்துலேருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல அவியளுக்கு இலவசந்தானே. பாத்திரம்தான் நம்ம சேத்தது.

ஓரத்துல கிழிக்கிறதுக்குப் புள்ளிக்கோடு வேணும். அதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு. ஒங்க அத்த தைக்கிற மிசினுல நூல உருவிட்டு, தாள வச்சு வெறும் ஊசியால ஒரு ஓட்டு ஓட்டு. வரிசையாத் தொள விழும், பிசிறில்லாமக் கிழியும். ஆனா பழைய ஊசியப் போடு. தாளு ஊசி முனைய மழுக்கிரும், அப்புறம் ரவிக்கை தைக்கையில அவ ஒன்னத்தான் தேடி வருவா. அன்னைக்கு வாசல்ல ஒருத்தன் நின்னு துண்டக் கிழிச்சுக் கிழிச்சு ஒரு செம்புல போடணும். செம்பை எண்ணிப் பாத்தா எத்தன எலைன்னு சமையக்காரனுக்குக் கணக்கு கெடைச்சுரும். வாட்சப்புல 'கண்டிப்பா வாரோம்'னு கட்டவிரலத் தூக்குறவன நம்பி ஒல வச்சு, மறுநாள் பூரா பழைய இட்லி தின்னவுக எத்தன பேரு!

வயசானவுக வீட்டுக்கு மட்டும் நேர்ல போயிக் குடு. போன்ல அனுப்புனா எங்கள அழைக்கலன்னு அடுத்த சாவு வீடு வரைக்கும் சொல்லிக் காட்டுவாவ.

இனி வண்டி. ஃப்ரிட்ஜு, வாசிங் மிசினு விக்கிற கடையில போயிக் கேளு, பெரிய அட்டப்பெட்டி ரெண்டு சும்மாவே கெடைக்கும். பிரிச்சுப் பக்கவாட்டுல நிமித்தி, சன்னல் வெட்டி, மிச்சமிருக்க சுவரு பெயின்ட அடி. சக்கரத்துக்குக் கொட்டாயில கெடக்க பழைய சைக்கிள் டயரு, முன்வெளக்குக்குப் பாக்குமட்டத் தட்டு ரெண்டு. பக்கவாட்டுல போக்குவரத்துக் கழகத்துப் பேரு எழுதணும்லா? நம்ம சீமையில ஒரு காலத்துல கட்டபொம்மன் பேருலதான் பஸ்ஸு ஓடுச்சு. மதுரைப் பக்கம் பாண்டியன், கோயமுத்தூருல சேரன். 1997-ல யாரு பேரு பெருசுன்னு சண்ட முத்திப்போயி, எல்லாப் பேரையும் எடுத்துட்டாவ. எடம் காலியாத்தான் இருக்கு, ஒன் மவன் பேரப் போட்டுக்கோ. ஒருத்தனும் மறியல் பண்ணமாட்டான்.

பெறவு வாசகம். பஸ்ஸுக்குள்ள எழுதியிருக்கத ஒன்னொன்னா எடுத்து எடம் மாத்திப் போட்டாலே வாரவுகளுக்குச் சிரிப்பு. அட்டச் சன்னலுக்கு மேல 'கரம் சிரம் புறம் நீட்டவும்'னு எழுது. அதான் ஒங்க போட்டோ மூல. பிள்ளைய தலைய வெளிய நீட்டும், படம் எடுத்துக்கோ, பின்னால கட்டுத துணிக்கு வாடக மிச்சம். சமையக்கட்டு வாசல்ல 'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்'. பாயாசத்துக்குப் பக்கத்துல 'படியில் நிற்காதீர், உள்ளே செல்லவும்'. ஒரு கொறளும் கட்டாயம் வேணும், அது இல்லாம நம்ம அரசு பஸ்ஸு இல்ல. நாக்காலிய வட்டமாப் போடாத. ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் ரெண்டு, நடுவுல வழி. பிள்ளைய தானா ஏறி உக்காந்துரும், ஆட்டம் பாட்டம்னு தனியா ஒருத்தனக் காசு குடுத்துக் கூப்பிட வேண்டியதில்ல.

தோரணத்துக்குக் கணக்கு சொல்லுதேன், குறிச்சுக்கோ. சார்ட் அட்ட 22 அங்குலம், 28 அங்குலம் இருக்கும். குறுக்க ஏழேழு அங்குலமா நாலு பட்ட வெட்டு. ஒவ்வொரு பட்டையிலயும் மேல கீழ மாத்தி மாத்தி அஞ்சரை அங்குல அடிவச்சு முக்கோணம் போட்டா முழுசா ஏழு விழும், ரெண்டு ஓரத்துலயும் அரையரையா மிஞ்சும். நாலு பட்டைக்கு 28 கொடி. மேல் விளிம்ப லேசா மடிச்சு, சணல் கயித்துல நெருக்கி ஒட்டுனா பன்னெண்டடிக்கு மேல வரும். மூணு கலருல மூணு அட்ட வாங்குனா கூடம் நெறஞ்சிரும். செலவு, பஸ்ஸுக்குக் காத்து நிக்கையில நீ ஒரு டீயும் வடையும் திங்கிற காசுதான்.

பச என்னத்துக்கு வாங்குதே? ஒரு பங்கு மைதாவுக்கு அஞ்சு பங்கு தண்ணி விட்டு, கட்டி விழாமக் கரைச்சு, சிறுதீயில கிண்டி எறக்கு. போஸ்டர் ஒட்டுறவன் பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் கலப்பான், அவனப் பாத்து நீயும் கலந்துராத. அது விசம், ஒன் பய பசையத் தின்னு பாக்காம இருக்கமாட்டான்.

சோடனைக்கு மாதிரி வேணும்னா ஆயுத பூச அன்னைக்கு டிப்போப் பக்கம் போனத நெனச்சுப் பாரு. முன்னால ரெண்டு பக்கமும் வாழக்கன்னு, கண்ணாடிக்கு மேல மாவெல, கலர்க் காயிதத்த நீளமா முறுக்கிக் கட்டியிருப்பாவ, சந்தனம், குங்குமம், பொரிகடல. அம்புட்டும் ஒன் வீட்டு வாசலுக்கும் பொருந்தும். வாழக்கன்னு நம்ம தோட்டத்துல நிக்கி, ஒங்கத்தான் வெட்டித் தருவான், கேக்க வெக்கப்படாத. அந்த வேப்பமரத்துல துணி கட்ட விடாத. அதுல 'பேருந்து நிறுத்தம்'னு ஒரு பலகைய மாட்டு. இம்புட்டு நாளும் நெழலு குடுத்ததுக்கு ஒரு உத்தியோகமாவது கெடைக்கட்டும்.

பலூன் வேண்டாம்னு சொல்லல, பிள்ள அழும். பத்துப் பதினஞ்சு வாயால ஊதி ஒசரத்துல கட்டு. வெடிச்ச துண்ட அப்பவே பொறுக்கிரு, சின்னப் பிள்ளைய வாயில போட்டு மூச்சுக்கொழாய அடைச்சிரும். வானத்துல தானாப் பறக்குத கேஸு பலூன் வாசலுக்கே வரக்கூடாது, எவன் எந்தக் கேஸ அடைச்சிருப்பான்னு ஒனக்கா தெரியும்? நுரையப் பீச்சியடிக்க டப்பாவும் அப்படித்தான். மெழுவத்திப் பக்கத்துல அடிச்சா குப்புனு பத்திக்கிடும். பிள்ள மூஞ்சி நேருக்கு இருக்க தீயில அத அடிக்கிறவனுக்குப் புத்தி எங்க இருக்குன்னு எனக்கு இன்னும் தட்டுப்படல.

கேக்கு ஒங்க பாடு. சதுரமா வாங்கி நாலு பிஸ்கோத்த சக்கரமா ஒட்டுனா அதுவும் பஸ்ஸு. சாப்பாட்டுக்குப் பெறவு பிள்ளைய கையில குடுத்து விடுறதுக்குப் பொரி உருண்ட போதும். நியூஸ் பேப்பருல மடிச்சுக் குடுத்துராத, அச்சு மை தின்பண்டத்துல ஒட்டும். வெள்ளத் தாளு கூம்பா சுத்தி, மேல 'மீதிச் சில்லறை'னு எழுதிக் குடு.

இன்னொன்னு. இந்தத் தீம ரெண்டு வருசத்துக்கு மாத்தாத. முன்னெல்லாம் அரசு பஸ்ஸுல மூணு வயசு தாண்டுனா அர டிக்கெட்டு எடுக்கணும். 2022-ல அஞ்சு வயசு வரைக்கும் இலவசம்னு ஆக்கிட்டாவ. அட்டப்பெட்டிய மடிச்சுப் பரண்ல போட்டு வையி, நம்பர மட்டும் அழிச்சு நாலு, அஞ்சுனு எழுதிக்கிட்டாப் போதும்.

நான் காலையிலயே வந்துருதேன். முதியோர் இருக்கைய ஃபேனுக்கு நேர் கீழ போட்டு வையி, விசிலு ஒன்னு வாங்கி வையி. கண்டக்டர் வேல எனக்குத்தான். ஒங்கப்பாவுக்கு மட்டும் அதக் குடுத்துராத, மாப்ள. அவரு மொய்க் கவரையும் வாங்கி, பின்பக்கம் பாக்கி எழுதி, 'எறங்கும்போது வாங்கிக்கோ'ன்னு உள்ள அனுப்பிருவாரு.