கடைசிப் பந்து யாருக்கு?

கேள்வி: கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டான் ஒருவர் போதாதா? மற்ற நால்வர் பந்து பொறுக்கிப் போடவா?

பதில்: 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 37.1 புள்ளி குவித்தார் ஜோர்டான்; அவருடைய அணியான சிகாகோ புல்ஸோ முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் மூன்று ஆட்டமும் தோற்று மூட்டை கட்டியது. 1990-91இல் அவர் சராசரி 31.5ஆக இறங்கியது, கோப்பை வந்தது! இடையில் பயிற்சியாளர் ஃபில் ஜாக்ஸன் முக்கோண ஆட்டமுறையைப் புகுத்தியிருந்தார். பந்து ஒருவர் கையிலேயே குடியிருக்காமல் ஐவரிடமும் சுற்றியது. ‘அப்போதும் அவர்தானே அதிகப் புள்ளி எடுத்தார்?’ என்பீர்கள். வாஸ்தவம்தான், சக வீரர் ஸ்காட்டி பிப்பன் தேறி வந்ததும் ஒரு காரணம். ஆனால் 1997 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தைப் பாருங்கள். 86-86 சமநிலை, மிச்சம் சில நொடி. இருவர் தன்மேல் பாய்ந்ததும் ஜோர்டான் பந்தைச் சக வீரர் ஸ்டீவ் கெர்ரிடம் தள்ளினார். கெர்ரைக் கவனிக்க ஆளில்லை; ஊரே ஜோர்டானைப் பார்த்துக்கொண்டிருந்தது.